ரத்தினம்மா மோதிரத்தில் இருப்பது என்ன கல்

1

இந்தக் கதை, உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் எழுதவேண்டிய ஒரே ஒரு வரியாகப் பிறந்தது. வரி வரவில்லை, கதை வந்துவிட்டது. பெரிய பெரிய புத்தகங்கள்கூட இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம். எழுதியவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு வயசாகிவிட்டது, வெட்கம் குறைவு. சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஏனோக். கோலார் தங்கவயலில், கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருக்கிறேன். சுரங்கம் ஓடின காலத்தில் வைண்டிங் இஞ்சின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜ் என்னும் இரும்புக் கூண்டை ஷாஃப்டுக்குள், அதாவது சுரங்கக் கிணற்றுக்குள், இறக்குவதும், ஷிஃப்ட் முடிந்தால் மேலே இழுப்பதும் என் வேலை. நான் இறக்கினால் உள்ளே நிற்பவர் கையிலுள்ள டீ தளும்பாது. புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், "இன்னும் ஏன் கிளம்பவில்லை" என்று கோபத்தோடு கேஜ் கதவைத் திறந்து வெளியே வந்தார். வந்த இடம் கடைசி லெவல். இரண்டு மைல் கீழே. அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தக் கதவையும் கோபமாகத் திறந்ததில்லை.

(குறிப்பு: என்னை இந்த ஊரில் பொய்யன் என்பார்கள். அநியாயம். நான் அளவைக் கொஞ்சம் கூட்டுவேன், அவ்வளவுதான். ஆளைக் கூட்டமாட்டேன். இந்தக் கதையில் வருகிற எல்லோருக்கும் ரேஷன் கார்டு இருக்கிறது.)

போன மாசம் சர்ச் ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். சுரங்கத்திலிருந்து அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த சாமான்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் பரப்பி வைப்பது. ஹெல்மெட், கார்பைடு விளக்கு, பித்தளை டோக்கன், தேய்ந்த பூட்ஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு வரி. எழுதும் வேலை எனக்கு. என் கையெழுத்து அழகு என்பது ஒரு காரணம். நீளமாகப் பேசுகிறவனுக்குச் சின்ன அட்டை கொடுத்தால் அடங்குவான் என்பது பாஸ்டருடைய காரணம்.

எல்லா அட்டையையும் எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. அது எதிர்வீட்டு ரத்தினம்மாவின் மோதிரத்துக்கு உரியது. வெள்ளி மோதிரம், சிவப்புக் கல். என்ன கல் என்று எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

2

அட்டையில் வராததைக் கதையாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"கோலார் தங்கவயலின் செந்நிறச் சூரியன் சயனைடு மேடுகளின்மீது மெல்ல—"

[அடித்துவிட்டேன். சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது. அதைச் சொல்லி நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வேண்டுமானால் நம்முடையது.]

இரண்டாவது தொடக்கம்:

"பாறை கைவைத்தால் சுடுகிற ஆழத்தில் ரத்தினம்மா புருஷன் ராஜப்பா டிரில்லை நிறுத்தினான். எதிரே, பலாப்பழப் பருமனில் ஒரு சிவப்புக் கல். பன்னிரண்டு முகம் அதற்கு. ஒவ்வொரு முகத்திலும் ராஜப்பாவின் முகம் ஒவ்வொரு வயசில் தெரிந்தது. பன்னிரண்டாவதில்—"

[இது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் சைலஸின் மகள் ஸ்வீட்டி படித்துவிட்டாள். கல்லைப் பற்றித் தெரிந்த பெண். பன்னிரண்டு முகம் சரி, பலாப்பழம் வேண்டாம் என்றாள். தேங்காய்க்கு இறங்கினேன். ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் என்றேன். தலையை ஆட்டினாள். கடைசியில் பட்டாணி என்று முடிவானது. பட்டாணியில் பன்னிரண்டு வயசு எப்படித் தெரியும்? விட்டுவிட்டேன்.]

மூன்றாவது:

"ரத்தினம்மா வான்கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்."

இது அப்படியே உண்மை. கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. இங்கிருந்தே போவோம்.

3

ரத்தினம்மா வான்கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு வெட்டுகிற வான்கோழிகளில் பாதி அவள் வளர்த்தது. அவளோ ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். இது எங்கள் ஊரில் யாருக்கும் விசேஷமாகப் படுவதில்லை. வான்கோழிகளுக்கு அவளைத் தவிர வேறு யாரையும் பிடிக்காது. அவள் கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். அந்தக் கையில்தான் மோதிரம்.

மோதிரம் கொடுத்தது ராஜப்பா, அவள் புருஷன். பூமிக்கடியில் டிரில் பிடித்தவன். நெஞ்சில் பாறைத் தூசி சேர்ந்து செத்துப்போனான், சில வருஷம் ஆகிறது. அவனைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் போதும். ஒன்று, பாறையைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவான். இரண்டு, சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டான். ஷிஃப்ட் முடிந்து அவன் டிபன் பாக்ஸ் வீட்டுக்கு வரும்போது கழுவி வைத்ததுபோல வரும். லைனில் இருந்த பூனைகள் எல்லார் வீட்டு டப்பாவுக்கும் காத்திருக்கும். ராஜப்பா வந்தால் எழுந்துபோய்விடும்.

ஒருநாள் அந்த ராஜப்பா பங்காருபேட்டையில் கல் கட்டின மோதிரத்தைக் கொண்டுவந்து பெண்டாட்டி விரலில் போட்டு, மாணிக்கம் என்று சொன்னான். நிழலில் கல் கறுப்பாகத் தெரியும். வெயிலில் நீட்டினால் உள்ளே அடுப்புக் கங்கு. ரத்தினம்மா அன்றைக்கு வேலையில்லாமல் வெயிலில் நிறைய நடந்தாள்.

வேறு ஊராக இருந்தால் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் அழகைப் பற்றி அப்புறம்தான் பேசுவோம். டிரில் பிடிக்கிறவனுக்கு மாணிக்கம் எப்படி வந்தது? இங்கே அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. கீழேயிருந்து தங்கம் எடுத்திருப்பான், விற்றிருப்பான், வாங்கியிருப்பான்.

மோதிரம் வெள்ளியில் இருந்ததுதான் கேலிக்கூத்து. திருட்டுக் காசில் வாங்கின கல்லை யார் வெள்ளியில் கட்டுவார்கள், அதனால் ராஜப்பா யோக்கியன் என்று ஒரு கட்சி. தங்கத்தில் கட்டினால் எங்கள் ஊரில் கேள்வி வரும், அதனால்தான் வெள்ளி, அதனால் ராஜப்பா திருடன் என்று இன்னொரு கட்சி. தங்கவயலைத் தவிர உலகத்தில் எங்கேயும் ஒரு மனிதன் பெண்டாட்டிக்கு வெள்ளி மோதிரம் போட்டதால் திருடன் ஆகியிருக்கமாட்டான்.

இரண்டாவது கட்சியின் தலைவன் சைலஸ்.

4

சைலஸ் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அவனை வில்லனாக வைத்துத்தான் முதலில் எழுதினேன். மீசையெல்லாம் கொடுத்தேன். ஆனால் நடுவில் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். ஒருவன் வீட்டு கேக்கை மென்றுகொண்டே அவனை வில்லனாக்குவது கஷ்டம், அதிலும் முந்திரி தாராளமாகப் போட்டிருந்தால். மீசையை எடுத்துவிட்டேன்.

அவன் வாட்ச் அண்ட் வார்டில் இருந்தவன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிக்கிற உத்தியோகம். கையைத் தூக்கவேண்டும், வாயைத் திறந்து காட்டவேண்டும், டிபன் பாக்ஸைக் கவிழ்க்கவேண்டும். அந்தப் பழக்கம் எங்கள் ஆண்களை இன்னும் விடவில்லை. பெங்களூர் மாலில், ஆஸ்பத்திரியில், எந்த வாசலைத் தாண்டினாலும் கை தானாக மேலே போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் சர்ச்சைவிட்டு வெளியே வருவதைப் பார்த்த புது ஆள் ஒருவர், இந்தச் சபையில் பரிசுத்த ஆவி வாசல்வரைக்கும் வந்து வழியனுப்புகிறது என்று சாட்சி சொல்லியிருக்கிறார்.

தன் கையைத் தாண்டி ஒரு குன்றிமணித் தங்கம் வெளியே போனதில்லை என்பது சைலஸின் பெருமை. வேறு சொத்து அவனுக்குக் கிடையாது. அதே வாயால்தான் ராஜப்பா தங்கம் கடத்தினான் என்பதையும் சொல்வான். கடத்தியிருந்தால் உன் கேட் வழியாகத்தானே போயிருக்கும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கொஞ்சம் யோசித்தான். "நான் லீவுல இருந்தப்போ" என்றான்.

ரிட்டையர் ஆன பிறகும் விடவில்லை. தினம் காலையில் மகள் ஸ்வீட்டியை ரயில் ஏற்ற கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வருவான். ரத்தினம்மாவின் மகள் பாக்யலட்சுமிக்கும் அதே ரயில், பெங்களூரில் நர்ஸ். அவளைப் பார்த்ததும், "தோ வருது மாணிக்கத்தம்மா பொண்ணு" என்பான். சத்தமாகச் சொல்லமாட்டான். பிளாட்பாரத்துக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்வான். அந்தப் பெண் படிக்கிற காலத்திலிருந்து அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறாள்.

5

இந்த இடத்தில் கதை கட்டுரையாக மாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை ஓடுவதும் ரயிலில்தான்.

ஸ்வீட்டிக்கு பெங்களூரில் கல் பரிசோதிக்கும் லேபில் வேலை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு காலையில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கண்காட்சிக்கு வரும் மோதிரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பார்த்தவரைக்கும் அது மாணிக்கம் இல்லை, கார்னெட்டாக இருக்கும் என்றாள். எனக்குத் தெரிந்த கார்னெட், கடற்கரை மணலில் அள்ளுகிற செம்பொடி. இவ்வளவு பெரிய குடும்பம் என்று தெரியாது.

குடும்பம் என்பது அவள் சொன்ன வார்த்தை. கார்னெட் ஒரு கல் இல்லையாம். கட்டுமானம் எல்லாவற்றுக்கும் ஒன்று, உள்ளே குடியிருப்பது மட்டும் வேறு வேறு. இரும்பு குடியிருந்தால் அல்மண்டைன், கறுப்போடிய சிவப்பு. மெக்னீசியம் என்றால் பைரோப், மாதுளை முத்துச் சிவப்பு. மாங்கனீசு வந்தால் ஸ்பெசார்டின், ஆரஞ்சு. ராகுவுக்குப் போடச் சொல்கிறார்களே கோமேதகம், தேன் நிறத்தில், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பச்சையிலும் உண்டு; ஆப்பிரிக்காவில் எடுக்கிற சாவோரைட். டெமன்டாய்ட் என்று இன்னொரு பச்சை, ஒளியைச் சிதறடிப்பதில் வைரத்தையே தோற்கடிக்கும். பகலில் ஒரு நிறம், பல்பு வெளிச்சத்தில் ஒரு நிறம் காட்டுகிற கார்னெட்டும் இருக்கிறது என்றாள். எங்கள் யூனியனிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்றேன்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் லைன் வீடுகள் போய்க்கொண்டிருந்தன. ஒரே கூரை, ஒரே அளவு அறை, ஒரே மாதிரி கதவு. உள்ளே ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்து கன்னடம், கோடியில் ஆங்கிலோ இந்தியர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வரிசை. சமையல் வாசனையில்தான் யார் வீடு என்று தெரியும். எங்கள் ஊரைப் பார்த்துத்தான் அந்தக் கல்லைக் கட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"நம்ம பாறைக்கு இருநூறு கோடி வருஷத்துக்கு மேல ஆவுது, அங்கிள்."

அப்படியானால் கல்லைப் பார்த்து நாங்கள் கட்டினோம் என்று திருத்திக்கொண்டேன். எனக்குப் பிடிவாதம் கிடையாது.

தங்கம் ஓடுகிற பாறைக்குப் பக்கத்துப் பாறையிலேயே கார்னெட் கிடக்கும், அம்மைத் தழும்புபோல, என்றும் சொன்னாள். பட்டாணி, மிளகு அளவில். தங்கத்தைத் தேடினவர்கள் அதைத் தூக்கிக் கழிவுமேட்டில் கொட்டினார்கள். [பலாப்பழத்தை இங்கே மறுபடி நுழைக்கப் பார்த்தேன். இடமில்லை.] கண்டுபிடிக்க லேபுக்குக்கூடப் போகவேண்டாம். மாணிக்கத்தை எந்தக் காந்தமும் திரும்பிப் பார்க்காது. இரும்பு குடியிருக்கிற கார்னெட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பலமான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் நகரும். அவள் சாவிக்கொத்திலேயே அப்படியொரு காந்தம் இருந்தது, சட்டைப் பொத்தான் அளவில்.

இதையெல்லாம் பக்கத்து சீட்டில் ஒருத்தி தூங்குவதுபோலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாக்யலட்சுமி.

6

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் நடந்த பேச்சை நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி இருந்தது. நாற்காலியில் நான் இருந்தேன்.

பாக்யலட்சுமி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மோதிரத்தைச் சோதித்துவிடலாம் என்றாள். மாணிக்கம் இல்லை, நம் பாறைக் கல்தான் என்று தெரிந்துவிட்டால், அப்பா அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்று ஆகிவிடும். வாங்கவில்லை என்றால் தங்கம் விற்கவும் இல்லை. ஊர் வாயை மூடும். ரத்தினம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"திருடன் இல்லேன்னு காட்டறதுக்கு, பொய்யன்னு காட்டணுமா?"

[இந்த வரி வந்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கதையில் நான் எழுதாத நல்ல வரி இதுதான். மாணிக்கம் என்றால் ராஜப்பா பெண்டாட்டிக்கு மாணிக்கம் வாங்கின மகராசன், ஆனால் திருடன். கார்னெட் என்றால் திருடாதவன், ஆனால் விரலில் போடும்போது பொய் சொன்னவன். இரண்டில் எந்தப் புருஷன் வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு எனக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள்.]

"நீ வாசல்ல வான்கோழி மேய்க்கறே. நான்தான் தெனமும் அந்தாள தாண்டிப் போறேன்" என்றாள் பாக்யலட்சுமி.

அதற்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்தது, தேவைக்கு மேல் சத்தமாக.

காலையில் ரத்தினம்மா என் வீட்டுக்கு வந்தாள். சோதித்துக்கொள்ளட்டும் என்றாள், ஆனால் லேபில் இல்லை, கண்காட்சியில், எல்லோர் எதிரிலும். சைலஸ் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்க்கவேண்டும். நான்தான் அதை அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் உடனே சம்மதித்தான். ஜெயித்துவிட்டதாக நினைத்தான் போலிருக்கிறது.

ஆனால் மோதிரம் கழலவில்லை. விரல் முட்டி வீங்கி வருஷக்கணக்காகிறது. சோப்பு, விளக்கெண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் பார்த்தாயிற்று. அறுக்கலாம் என்று பாக்யலட்சுமி சொன்னதற்கு ரத்தினம்மா பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். கல் மிதக்கவேண்டும் என்றால் ரத்தினம்மாவும் சேர்ந்து மிதக்கவேண்டும். பேத்தமங்கலா ஏரியில் லாரி ட்யூப் கட்டி அவளை மிதக்கவிட்டு, கரையிலிருந்து பழைய இஞ்சின் காந்தத்தைக் காட்டலாம் என்று நான் ஒரு திட்டம் வரைந்து கொடுத்தேன். ட்யூப் செலவுகூட என்னுடையது என்றேன்.

ஸ்வீட்டிதான் வேறு வழி சொன்னாள். ஆன்ட்டி அசையவேண்டாம், காந்தம் மிதக்கட்டும்.

7

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், நடக்காத இரண்டு முடிவைச் சொல்லிவிடுகிறேன். எழுதி வைத்ததை வீணாக்க மனசில்லை.

நடக்காத முடிவு ஒன்று: காந்தம் அசையவில்லை. மாணிக்கமேதான். சைலஸ் "சொன்னேனில்ல" என்று கையைத் தூக்குகிறான். தூக்கின கை அப்படியே நிற்கிறது. மாணிக்கம் என்றால் தங்கம் போயிருக்கிறது, தங்கம் போயிருந்தால் அவன் கேட் வழியாகப் போயிருக்கிறது, அத்தனை தங்கம் போக அவனுக்கு அவ்வளவு லீவே கிடையாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. மயங்கி விழுகிறான். [நீக்கிவிட்டேன். சைலஸ் கனமான ஆள். ஹாலில் இருந்த பென்ஷன்காரர்கள் யாரும் தூக்க முடியாது. கதை அங்கேயே நின்றுவிடும்.]

நடக்காத முடிவு இரண்டு: ரத்தினம்மா கடைசி நிமிஷத்தில் எழுந்து, எனக்குத் தெரியவேண்டாம் என்று கண்ணீரோடு வெளியே—

[இது அவள் இல்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை. வான்கோழி வெட்டுகிற அன்றைக்குக்கூட விலையைக் குறைக்காதவள்.]

8

நடந்தது இது.

ஞாயிறு, ஆராதனை முடிந்து ஹால் நிரம்பிவிட்டது. ஹெல்மெட்டுக்கும் கார்பைடு விளக்குக்கும் நடுவில், மேசைக்குப் பின்னால், பட்டுப்புடவையில் ரத்தினம்மா உட்கார்ந்திருந்தாள். காட்சிப் பொருளின் ஒரு பகுதி. முன்னால் என் வெற்று அட்டை. அதற்கும் முன்னால் நீல பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர். டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல் துண்டின்மேல் ஸ்வீட்டி காந்தத்தை வைத்து மிதக்கவிட்டாள். சாவி வைத்திருப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். என் பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். ஊர்ப் பெருமைக்காக ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சைலஸ் வாசலில் இருந்தான். யாரும் போடவில்லை, தானாகவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

தெர்மாகோல் கொஞ்சம் சுற்றி, வடக்குப் பார்த்து நின்றது. ரத்தினம்மா விரலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோனாள். ஒன்றும் ஆகவில்லை. பாக்யலட்சுமி துப்பட்டாவின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். ரத்தினம்மா இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். கூட்டத்தில் தன் பெயரை யாரோ கூப்பிட்டதுபோலத் தெர்மாகோல் லேசாகத் திரும்பியது. பிறகு நேராக வந்து அவள் மோதிரத்தில் முகத்தை வைத்தது.

"கார்னெட்" என்றாள் ஸ்வீட்டி. "அல்மண்டைன். நம்ம பாறைல இருக்கறது." பிரசவ அறையிலிருந்து வந்து சொல்கிற குரலில் சொன்னாள்.

ரத்தினம்மா விரலை எடுத்துவிட்டு இன்னொரு பக்கம் வைத்தாள். அங்கேயும் வந்தது. அவள் காந்தத்தைப் பார்க்கவில்லை. சைலஸைப் பார்த்தாள்.

"பாத்தியா, சைலஸண்ணா?"

"பாத்தேன்."

"கடையில வாங்கினது இல்ல."

"இல்ல."

"அப்ப உன் கேட் வழியாத்தான் வந்திருக்குது."

 இத்தனை வருஷத்தில் சைலஸை யாரும் இப்படிச் சோதித்ததில்லை. அவன் வாய் திறந்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் காட்டுகிற மாதிரி, திறந்தபடியே இருந்தது. அவன் பெருமை, அந்த ஒரே சொத்து, தண்ணீரில் மிதக்கும் தெர்மாகோல்மேல் இருந்தது. நான் பேன்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் வுட்டேன்" என்றான் சைலஸ்.

பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்தான்.

"டிபன் பாக்ஸைத் தெறந்தேன். சோத்துக்கு அடியில இருந்துச்சி. கருப்பா ஒரு கல்லு. இன்னாடா இதுன்னேன். வீட்டுக்குன்னான். தங்கம் இல்ல. போடான்னு வுட்டுட்டேன்." எல்லோரையும் பார்த்து, "என் கைக்குத் தெரியாம எதுவும் போனதில்ல" என்றான்.

"அப்ப இத்தினி வருசமா வாயில இன்னா வெச்சிருந்தே?"

"யூனிபார்ம் போட்டிருந்தேன், ரத்னம்மா. வுட்டேன்னு சொல்ல முடியாது."

"அத கழட்டித்தான் எத்தினி காலம் ஆச்சி."

"பழகிப்போச்சி" என்றான் சைலஸ். அதைச் சொல்லும்போது அவன் பார்த்தது பாக்யலட்சுமியை.

இப்போது கவனியுங்கள். சோத்துக்கு அடியில் என்றான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் டப்பாவில் ஏது சோறு? அதிலும் ராஜப்பா டப்பாவில்? ஹாலில் இருந்த ஒவ்வொரு கிழவனுக்கும் அது தெரியும். லைன் பூனைகளுக்குத் தெரியும். அந்த டப்பாவைத் தினமும் கையில் வாங்கினவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். எல்லோரும் ரத்தினம்மாவைப் பார்த்தோம்.

அவள் சைலஸை வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "அவுரு சோறு மிச்சம் வெப்பாரு."

 ஒருவர் இருமினார், அதுவும் தூசி இருமல். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஸ்வீட்டிக்கு இது எதுவும் புரியவில்லை. நல்ல பெண். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, அந்தக் காலத்தில் சிவப்பாக இருந்த எல்லாக் கல்லையும் மாணிக்கம் என்றுதான் சொல்வார்கள், அங்கிள் பாவம் தெரியாமல் சொல்லியிருப்பார், அது பொய்யில்லை என்றாள். ரத்தினம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரியாமலா? பாறையில அவருக்குத் தெரியாதது இன்னா இருக்குது? தெரிஞ்சேதான் சொன்னாரு. எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு."

அவள் மகள் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். மறுநாள் காலை ஸ்டேஷனில் சைலஸ் அவளைப் பார்த்து, "வா பாக்யா" என்றானாம். ரயில் பிளாட்பாரத்தைவிட்டு நகர்கிறவரைக்கும் வேறொன்றும் சொல்லவில்லையாம். இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட இடமில்லாமல் இருந்தது.

9

அட்டை இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது.

"அல்மண்டைன் கார்னெட், கோரமண்டல் பாறை" என்று எழுதச் சொல்கிறாள் பாக்யலட்சுமி. "சோதனை செய்து அனுமதிக்கப்பட்டது, சைலஸ்" என்று எழுதச் சொல்கிறான் சைலஸ். "மாணிக்கம்" என்று எழுதச் சொல்கிறாள் ரத்தினம்மா. காந்தம் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்கிறாள். என் பங்குக்கு நானும் ஒன்று வைத்திருக்கிறேன்: "இதை மேலே இழுத்த இஞ்சின் டிரைவர் ஏனோக்." அதுவும் உண்மைதான். நான் இழுக்காமல் அந்த ஷாஃப்டிலிருந்து ஒரு கூழாங்கல்கூட மேலே வந்ததில்லை.

ஒரு வரிக்குத்தான் இடம்.

அதற்கு முன் நீங்கள் ஒன்றைத் தீர்மானிக்கவேண்டும். சைலஸ் சொன்னது பொய்யா? ராஜப்பா எந்த நாளும் பருக்கை மிச்சம் வைத்ததில்லை என்பது நிஜம். ஆனால் கல்லை மறைக்க அந்த ஒரே ஒருநாள் அவன் பசியோடு சோற்றை மிச்சம் வைத்திருக்கலாம், இல்லையா? பெண்டாட்டிக்காகப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைவயிறாக இருக்கத் தெரியாதா? நான் இதைப் பல பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கத்தில் கறுப்பாக இருக்கிறது, ஒரு பக்கத்தில் கங்கு தெரிகிறது. பொய்யனாகப் பேர் எடுத்த நான் எதைச் சொன்னாலும் நம்பமாட்டீர்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கே உங்களைக் கூட்டிப்போய், அட்டையையும் பேனாவையும் உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன்.

எழுதும்போது ரத்தினம்மா உங்களைப் பார்க்கமாட்டாள், பயப்படவேண்டாம். அவள் டப்பில் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். காந்தம் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது.

எழுதிவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் சைலஸ் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போங்கள்.